காசுக்கும் பூர்வீகம் கேட்பார்கள்

உடப்புசல்லாவையிலோ நுவரெலியாவிலோ ஒரு பழைய தங்கக் காசை அடகுக்கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், தராசில் போடுவார், அன்றைய பவுண் விலைக்குக் கணக்குச் சொல்வார். அவருடைய தொழிலுக்கு அது போதும். அரிய நாணயங்களின் ஏலச்சந்தையிலோ, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஏதோ ஒரு ராஜாவின் பெயர் ஒட்டியிருப்பதற்காக விலை ஏறுகிறது, எல்லாம் பகட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பகட்டும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் அங்கே முதலில் சாட்சியாக நிற்கிறது, பெருமை அப்புறம்தான் என்பது என் கட்சி.

அமெரிக்கா 1933இல் அடித்த 20 டொலர் தங்கக் காசைப் பாருங்கள். எடை 33.4 கிராம்; நம் கணக்கில் நாலு பவுணுக்குச் சற்று அதிகம். பத்தில் ஒன்பது பங்கு தங்கம். 445,500 காசுகள் அடிக்கப்பட்டன. அதே ஆண்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தங்கக் காசுப் புழக்கத்தை நிறுத்திவிட்டதால் ஒன்றுகூட முறைப்படி வெளியிடப்படவில்லை. இரண்டு அருங்காட்சியகத்துக்குப் போயின, மற்றவை உருக்கப்பட்டன, சில மட்டும் நாணயசாலையிலிருந்து களவாகக் கசிந்தன. கசிந்த ஒன்றை எகிப்து மன்னர் பாரூக் 1944இல் வாங்கினார். களவு விஷயம் தெரியாத அமெரிக்கத் திறைசேரி அதற்கு ஏற்றுமதி அனுமதிப்பத்திரமும் கொடுத்துவிட்டது. 1952இல் மன்னர் முடியிழந்தார். 1954இல் கெய்ரோவில் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் அந்தக் காசு விலக்கப்பட்டது. பிறகு காணாமலே போனது. 1996இல் நியூயோர்க்கில் லண்டன் வியாபாரி ஒருவரிடம் ஒரு காசு பிடிபட, அது பாரூக்கினுடையது என்ற வாதத்துக்கு அந்த அனுமதிப்பத்திரமே கைகொடுத்தது. வழக்கு 2001இல் சமரசமாக முடிந்தது. மறு ஆண்டு ஏலத்தில் விலை 7,590,020 டொலர். கடைசி 20 டொலர் எதற்கு என்றால், வெளியிடப்படாத காசைச் சட்டப்படி பணமாக்க அதன் முகப்பெறுமதியை அமெரிக்க அரசு கேட்டு வாங்கிக்கொண்டது! 2021இல் அதே காசு ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் டொலருக்குப் போனது.

பிலடெல்பியா நகைக்கடைக்காரர் ஒருவரின் வாரிசுகளுக்கோ பெட்டகத்தில் அதே காசு பத்துக் கிடைத்தன. 2004இல் உண்மைத்தன்மை பார்க்க நாணயசாலையிடம் கொடுத்தார்கள். அசல்தான் என்று உறுதியாயிற்று, திரும்பக் கிடைக்கவில்லை. களவுப்பொருள் என்று 2011இல் ஜூரி தீர்த்தது. 2017இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் வழக்கைக் கையிலெடுக்க மறுத்தது. ஒரே அச்சு, ஒரே தங்கம். ஒன்றுக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம். பூர்வீகத்துக்குப் பத்திரம் காட்ட முடியாததால் 1948இல் குடியுரிமை இழந்த மலையகத்துக்குக் காகிதத்தின் பலத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் பெரிய பெயர் இருந்தால் போதுமா? போதாது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1613இல் ஆக்ராவில் அடிப்பித்த, ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள 1,000 மொஹர் தங்கக் காசு ஹைதராபாத் நிஜாம் குடும்பத்திடம் இருந்ததாகச் சொல்வார்கள். 1987இல் அது ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. பழம்பொருட்களை அனுமதியின்றி வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடுத்து வந்ததால், நிஜாமின் பெயரே சி.பி.ஐ.யை எழுப்பிவிட்டது. காசு விலைபோகவில்லை, இன்று எங்கே என்றும் தெரியவில்லை. பெயர் விலையைக் குறைப்பதும் உண்டு. பாரூக்கின் காசுகளில் பல தேய்த்து மெருகேற்றப்பட்டவை என்று சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

இந்தக் காலத்து ஆய்வுக்கூடம் இருக்க, முன்னைய உடைமையாளர் எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டுக் கஹவணுவை எடுத்துக்கொள்வோம். சுமார் 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய, 4 கிராமுக்குச் சற்று மேற்பட்ட தங்கக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் ‘ஸ்ரீ லங்கா விபு’ என்ற நாகரி எழுத்தும். நல்ல தங்கத்திலேயே ஒருவர் போலி அடித்தால் உலோகச் சோதனை என்ன சொல்லும்? கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் போன்ற ஒன்றில் படம் பதிந்த காசு என்று காட்ட முடிந்தால், குறைந்தது அதற்குப் பின் செய்த போலியல்ல என்றாவது தெரியும்.

அந்தக் கொட்ரிங்டனே குடியேற்ற ஆட்சியின் அதிகாரிதானே, அப்படிப்பட்டவர்களின் பெட்டிகளுக்குக் காசு நியாயமாகத்தான் போனதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதை நான் ஏற்கிறேன். யாருடைய நிலத்தில் கிடைத்தது, தோண்டியவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைச் சேகரிப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சங்கிலி நடுவிலிருந்தே தொடங்குகிறது. இருந்தும் நடுவிலிருந்து தொடங்கும் சங்கிலியும் நமக்கு வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள் அரசின் சொத்து. அதற்கு முன்பே ஒருவரிடம் இருந்த கஹவணுவும் நேற்று இரவு புதையல் தோண்டி எடுத்த கஹவணுவும் பார்வைக்கு ஒன்றுதான். முன்னைய உடைமையாளர் யார் என்று கேட்காத வியாபாரி, இரண்டாவதையும் முதலாவதின் விலைக்கே வாங்கிவிடுவார்.