மற்றும் பலர்

ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் சங்கத்து நண்பர்களுக்குப் பொறுக்காது. "சார், ரயில்வேயில் அத்தனை வருஷம் ரிஜிஸ்டர் பார்த்தவர் நீங்கள். நம் நூலகத்து அலமாரிகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கரையான் தின்றது போக அறுநூறு சொச்சம் புத்தகங்கள். நான் எஞ்சினியரிங் டிப்ளமோ படித்தவன், நூலக இயல் அறியாதவன். எதையும் விதிப்படி செய்துதான் பழக்கம் என்பதால், தெரிந்த நூலகர் ஒருவரிடம் பழைய விதிப்புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். அதன்படி நான்கு மாதத்தில் பதிவேட்டையும் எழுதி முடித்தேன்.

சென்ற மாதம் என் பேத்தி அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். 1996-ல் நம் சங்கத்துப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து எழுதிய சமையல் புத்தகத்தின் வரிசை வந்ததும் நிறுத்தினாள். "தாத்தா, இதிலே பாட்டி பேர் எங்கே?" என்றாள்.

முதல் பெயரை எழுதி, பக்கத்தில் "மற்றும் பலர்" என்று போட்டிருந்தேன். முகப்புப் பக்கத்தில் என் மனைவியின் பெயர் ஐந்தாவது. இங்கே மண்டையில் அம்பாடி என்று விற்பது நம் ஊர்ப் புளிச்சகீரைதான் என்று கண்டுபிடித்து, மசியல் செய்முறை எழுதியவள் அவள். அவள் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. "மற்றும் பலர் என்று இருக்கிறதே, அதில் பாட்டியும் உண்டு" என்று சமாதானம் சொன்னேன். குழந்தை நம்பவில்லை. எனக்கும் அந்த பதில் சரியாகப் படவில்லை.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஆங்கிலோ அமெரிக்க நூற்பட்டியல் விதிகள் என்று ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பதிப்பு 1978-ல் வந்தது. நம் நாட்டிலும் பல நூலகங்கள் அதைப் பின்பற்றின. நூலகர்கள் அதில் 'மூவர் விதி' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு நூலை மூன்று பேர் வரை சேர்ந்து எழுதியிருந்தால், முதலில் உள்ளவர் பெயரில் முதன்மை அட்டை, மற்றவர்களுக்குத் துணை அட்டைகள். நான்கு பேர் ஆகிவிட்டாலோ கதை வேறு. இன்னார்தான் முதன்மை ஆசிரியர் என்று நூலிலேயே குறித்திருந்தால் ஒழிய, நூற்பெயர்தான் தலைப்பு. முதலில் நிற்பவர் பெயர் மட்டும் ஏறும். மற்றவர்கள் எல்லோரும் "மற்றும் பலர்".

இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அட்டை என்பது ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலம். ஒவ்வொரு பெயருக்கும் தனியாக ஒரு அட்டை டைப் அடித்து, அகர வரிசையில் இழுப்பறைக்குள் சொருக வேண்டும். பத்துப் பேர் எழுதிய நூலுக்குப் பத்து அட்டை என்றால் இழுப்பறையும் தாங்காது, டைப்பிஸ்டும் தாங்கமாட்டார். இடமும் கூலியும் பார்த்து எங்கோ ஒரு கோடு போட்டார்கள். எஞ்சினியர் என்ற முறையில் எனக்கு அது புரிகிறது. ஆனால் எங்கள் ட்ராயிங்குகளின் மூலைக் கட்டம் நினைவுக்கு வருகிறது. வரைந்தவர், ட்ரேஸ் எடுத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் தனி இடம் இருக்கும். பாலத்தில் விரிசல் கண்டால் யாரைக் கேட்பது என்பதற்காக வைத்த கட்டம்தான். என்றாலும், ட்ரேஸ் எடுத்த பையனின் பெயரும் அதில் நின்றுவிடும்.

நம் புனே நகரத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1917-ல் தொடங்கிய பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வுக் கழகம் மகாபாரதத்தின் செம்பதிப்பை 19 பாகங்களில் வெளியிட்டது. வேலை முடிந்தது 1966-ல். மொத்தம் 1,259 சுவடிகளை ஒப்பிட்டார்கள். தென்னாட்டுச் சுவடிகளை ஒப்பிடும் வேலைக்குத் தஞ்சாவூரிலும் ஓர் இடம் இருந்தது என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை. இந்த நூலை யார் பெயரில் பதிவது? மரபுப்படி ஆசிரியர் வியாசர். பொதுப் பதிப்பாசிரியர்கள் வரிசையாக மூவர்: சுக்தங்கர், பெல்வல்கர், வைத்யா. சில பர்வங்களுக்குத் தனிப் பதிப்பாசிரியர்கள் உண்டு. சபா பர்வத்தைச் செய்தவர் அமெரிக்கரான எட்ஜர்டன். ஆதி பர்வத்தின் முகப்பில் ஒத்துழைத்த அறிஞர்களின் பெரிய பட்டியல் இருக்கிறது. கடைசியில் படங்கள் வரைந்தவராக ஔந்த் சமஸ்தானத்து ராஜாவே வருகிறார்! நூலகங்கள் பெரும்பாலும் இதை மகாபாரதம் என்ற நூற்பெயரிலேயே பதிகின்றன. அது நியாயம்தான். சுக்தங்கர் பெயரைச் சொல்லித் தேடி வருபவனுக்கும் புத்தகம் கிடைக்க வேண்டும். துணைப் பதிவுகள் அதற்காகத்தான்.

நம்முடைய ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார் என்று ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு. மூவர் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகித்தால் "ஓரம்போகியார் மற்றும் பலர்" என்று ஆகிவிடும். கபிலர் அந்தப் பலரில் ஒருவர்! நம் முன்னோர் அப்படி விடவில்லை. ஐவர் பெயரும் இருக்கிறது. தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பது வரை குறிப்பு உண்டு. குறுந்தொகையில் இன்னும் ஒரு படி மேலே. இயற்பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டில் வந்த சொல்லைக்கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தார்கள். பெயர் தெரியவில்லை என்பதற்காக ஆளை விட்டுவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் நிலைமை இன்னும் மோசம். மராட்டிய எழுத்தாளர் காண்டேகரைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு படித்தார்கள் என்றால், அதற்குக் காரணம் கா.ஸ்ரீ.ஸ்ரீ. அவர்களின் மொழிபெயர்ப்பு. பழைய விதியில் மொழிபெயர்ப்பாளருக்குத் துணை அட்டை எல்லா நூலுக்கும் கிடையாது. செய்யுள் மொழிபெயர்ப்பா, அதே மொழியில் முன்பே ஒருவர் பெயர்த்திருக்கிறாரா என்றெல்லாம் நிபந்தனைகள் வைத்திருந்தார்கள். நானும் 'காண்டேகர்' என்று மட்டும் எழுதிவிட்டேன். நம் சங்கத்து மாமி ஒருவர் வந்து "கா.ஸ்ரீ.ஸ்ரீ. புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டபோது பதிவேட்டைப் பார்த்து இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அலமாரியில் நான்கு இருந்தன. படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-லேயே விதி வகுத்தவர் நம் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவர் பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

2010-ல் புதிய விதித்தொகுப்பு வந்தது. கம்ப்யூட்டரில் இழுப்பறை நிரம்பும் கவலை இல்லையே. அதனால் மூவர் விதியைக் கைவிட்டார்கள். நூலில் உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் எழுதலாம். சுருக்கியே ஆக வேண்டும் என்றால் "மற்றும் பலர்" என்று மழுப்பாமல் "மற்றும் ஆறு பேர்" என்று எண்ணிக்கையைச் சொல்லலாம். ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஓவியர் என்று அவரவர் செய்த வேலையையும் பெயருக்குப் பக்கத்தில் குறிக்கலாம். எங்கள் ட்ராயிங் மூலைக் கட்டம் மாதிரியேதான்.

எனவே பதிவேட்டைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சமையல் புத்தகத்துக்கு ஏழு பெயர்களும் ஏறிவிட்டன; ஏழு பேர் பெயரிலும் தேடலாம். ஐந்தாவது பெயரைப் பேத்தியே தன் கையால் எழுதினாள், 'ள'கரத்தில் ஒரு சுழி கூட.

காண்டேகர் நாவல்களில் இரண்டுக்கும் வங்காள நாவல் ஒன்றுக்கும் முகப்புப் பக்கம் கிழிந்துபோய், தமிழாக்கியவர் யார் என்று தெரியவில்லை. வீட்டில் பழைய பிரதி வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நூலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினால், பார்த்து எழுதிக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறேன்.