வேளாண் பொருளா, மதுவா? நாசிக் ஒயினின் இரட்டை வாழ்க்கை

நாசிக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை பஞ்சவடியும் திரியம்பகேஸ்வரமும் கோதாவரிக் கரைக் கும்பமேளாவும்தான். ரூபாய் நோட்டு அச்சகத்தைச் சிலர் நினைவுகூரக் கூடும். ஆனால், ஜனவரி முதல் மார்ச் வரை மும்பையிலிருந்தும் குஜராத் எல்லையைக் கடந்தும் இந்நகருக்கு வரும் எல்லோரும் கோயிலுக்குப் போவதில்லை. கங்காபூர் அணையை ஒட்டிய சரிவுகளிலும், திண்டோரி, இகத்புரி வட்டாரங்களிலும் உள்ள திராட்சைத் தோட்டங்களையும் அவற்றின் நடுவே எழுந்துள்ள ஒயின் ஆலைகளையும் நாடி வருகிறவர்கள் அவர்களில் பலர்.

ஒயின் தயாரிப்பு இங்கு தொடங்கியதன்று. 1980-களிலேயே புணே அருகே நாராயண்காவில் சாம் சௌகுலேயின் இண்டேஜ் நிறுவனம் நுரைக்கும் ஒயினைத் தயாரித்து ஏற்றுமதி செய்தது. பெங்களூரை அடுத்த நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு வகைக் கொடிகளை வளர்த்தார். கலிபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவனப் பணியைத் துறந்து திரும்பிய ராஜீவ் சாமந்த், 1990-களின் பிற்பகுதியில் நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்தில் சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க் கொடிகளை நட்ட பிறகுதான் ஊரின் முகம் மாறத் தொடங்கியது. அவரது சுலா ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. 2005-இல் பார்வையாளர்கள் ஒயினைச் சுவைத்துப் பார்க்கத் தனிக் கூடம் திறக்கப்பட்டது. 2008-இல் இசையும் ஒயினும் சேர்ந்த 'சுலாஃபெஸ்ட்' விழா தொடங்கியது. 2020-க்குப் பின் தடைபட்டிருந்த அவ்விழா 2025 பிப்ரவரியில் மீண்டும் நடைபெற்றது.

விழா பிப்ரவரியில் நடப்பதற்குக் காரணம் பருவமழை. ஐரோப்பாவில் குளிர்காலம் முழுவதும் கொடி உறங்கும். கோடை முடிந்து அறுவடை நடக்கும். இங்கு கொடிக்கு உறக்கமே இல்லை. ஏப்ரல் வாக்கில் ஒருமுறை, மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை என ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும் மாதங்களில் பழம் முதிர்கிறது. அதனால், விழாவுக்கு வருபவர்கள் அறுவடையையும் பார்க்கலாம். தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதிக்கலாம். அந்தச் சாறு புட்டிக்குப் போவதில்லை என்பதை அறிந்து நிம்மதி கொள்ளலாம்.

சுவைக்கும் முறை: ஐந்தாறு வகை ஒயின்கள், ஒவ்வொன்றிலும் ஓரிரு மிடறு மட்டுமே தருகிறார்கள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்கு நகர்ந்து இனிப்பு ஒயினில் முடிப்பது வழக்கம். முதலில் நிறம் பார்க்க வேண்டும். கிண்ணத்தைச் சுழற்றி மணம் நுகர வேண்டும். பிறகே வாயில் சற்று நிறுத்திச் சுவைக்க வேண்டும். சாவிஞான் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாயின் வாசமும் ஷிராஸில் மிளகின் காரமும் தெரிகின்றனவா என்று வழிகாட்டி கேட்பார். விழுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. துப்புவதற்கென்றே ஒரு கலம் வைத்திருக்கிறார்கள். அதனை நாடுவோர் குறைவே. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்ற விதி ஐரோப்பிய அறைக்கு உரியது; நாசிக்கின் மதிய வெயிலில் அதையும் சற்றுக் குளிர்விப்பதே நலம்.

இவ்வளவு உபசாரமும் வெறும் விருந்தோம்பல் அன்று. மது விளம்பரத்துக்கு நாட்டில் தடை இருக்கிறது. மதுவின் உற்பத்தியும் விற்பனையும் மாநிலப் பட்டியலில் உள்ளதால், ஒரு மாநிலத்துப் புட்டி அடுத்த மாநிலத்தை அடைய லேபிள் பதிவு, கலால் அனுமதி, தனி வரி எனப் பல படிகளைக் கடக்க வேண்டும். 2017-இல் வந்த ஜிஎஸ்டியும் குடிக்கும் மதுவைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. எனவே, சந்தையைத் தேடிப் போவதைவிட வாடிக்கையாளரைத் தோட்டத்துக்கே வரவழைப்பது ஆலைகளுக்கு எளிது. சிறிய ஆலைகளுக்குச் சுவைக்கூடமே கடை, அதுவே விளம்பரம்.

2022 விவகாரம்: மகாராஷ்டிரத்தில் இன்றளவும் மதுவை ஆள்வது 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான். சட்டப்படி அங்கு குடிப்பவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த மாநிலமே 2001-இல், விலாஸ்ராவ் தேஷ்முக் முதல்வராக இருந்தபோது, திராட்சை பதப்படுத்தும் கொள்கை ஒன்றை அறிவித்து ஒயினுக்குக் கலால் சலுகை அளித்தது. விஞ்சூரிலும், சாங்கிலி மாவட்டத்துப் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் அமைந்தன. 2022 ஜனவரியில் உத்தவ் தாக்கரே அமைச்சரவை ஒரு படி மேலே சென்று, 1,000 சதுர அடிக்கும் மேற்பட்ட பெரிய அங்காடிகளில் ஒயின் விற்கலாம் என முடிவெடுத்தது. ஒயின் மது அல்ல. விவசாயிக்கு வருவாய் தரும் பொருள் என்றார் சிவசேனையின் சஞ்சய் ராவத். மகாராஷ்டிரத்தை 'மத்யராஷ்டிரம்' ஆக்குவதாக பாஜகவின் தேவேந்திர ஃபட்னவீஸ் சாடினார். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். அவ்வாண்டு ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. முடிவு செயலுக்கு வரவில்லை. எனினும், பாஜக இடம்பெற்ற அடுத்த ஆட்சியே, ஒயின் மீதான மதிப்புக் கூட்டு வரியின் பெரும்பகுதியை ஆலைகளுக்குத் திருப்பித் தரும் திட்டத்தை 2024 ஜனவரியில் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. எதிர்ப்பு கடை அலமாரிக்குத்தான், ஆலைக்கு அல்ல போலும்!

பிராந்தி விற்கும் கடையையும் 'ஒயின் ஷாப்' என்றே அழைத்துப் பழகிய தமிழகத்துக்கு இந்தச் சொற்போர் வேடிக்கையாகத் தோன்றலாம். விவசாயிக்கு அது வேடிக்கை அன்று. உண்பதற்கான திராட்சையை ஒரு வியாபாரி மறுத்தால் இன்னொருவரிடம் விற்கலாம். அதுவும் இல்லையேல் உலர்த்தி வைக்கலாம். ஒயின் திராட்சையோ சிறியது. தடித்த தோலும் விதையும் கொண்டது. ஆலை எடுக்க மறுத்தால் அதனைத் தெருச்சந்தையில் வாங்குவார் இல்லை. 2001 கொள்கையை நம்பி நடப்பட்ட கொடிகளுக்கு 2008-09-இல் சோதனை வந்தது. உலகப் பொருளாதார மந்தமும், மும்பை பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் சுற்றுலா சரிந்ததும் சேர்ந்து விற்பனையைக் குலைத்தன. கடனில் மூழ்கிய இண்டேஜ் வீழ்ந்தது. வாங்குவாரின்றிக் கொடிகளை வெட்டியெறிந்துவிட்டு மீண்டும் உணவுத் திராட்சைக்குத் திரும்பிய விவசாயிகள் பலர். சுவைக்கூடங்களில் சொல்லப்படும் நாசிக் கதையில் இந்த அத்தியாயம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தில்லியின் நிலையும் இரண்டுபட்டதே. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. மத்திய உணவு பதப்படுத்தும் தொழில் அமைச்சகமோ 2009-இல் புணேயைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒயினை ஊக்குவிக்க இந்தியத் திராட்சை பதப்படுத்தும் வாரியத்தை அமைத்தது. இத்தனை காலமும் உள்நாட்டு ஒயினுக்குக் கவசமாக நின்றது இறக்குமதி மீதான 150 சதவீதச் சுங்க வரி. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் அதில் முதல் விரிசலை ஏற்படுத்தியது. புட்டிக்கு 5 டாலருக்கு மேற்பட்ட அந்நாட்டு ஒயினுக்கு வரி உடனடியாக 100 சதவீதமானது. பத்தாண்டுகளில் 50 சதவீதமாகும். 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75-இல் தொடங்கி 25 வரை இறங்கும். நாசிக்கில் இன்று நடும் ஒரு கொடி பலன் தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும்; பலன் தரத் தொடங்கும்போது சுங்க வரி இன்னும் சில படிகள் இறங்கியிருக்கும்.