பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் பக்தி

கயானா நாட்டுக் காட்டுக்குள் ஜோன்ஸ்டவுனில் 1978 நவம்பர் 18 அன்று நடந்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். சயனைடு கலந்த பானம், 900-க்கும் மேற்பட்ட உடல்கள், அவற்றில் சுமார் 300 பேர் சிறுவர் சிறுமியர். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி நாளோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அதற்கு முந்தைய இருபது வருடக் கணக்கு வழக்குதான் முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1950-களில், பின்னாளில் ஜோன்ஸ்டவுனை அமைத்த சபை தொடங்கியபோது குற்றம் சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பசித்தவர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டார்கள். முதியோர் இல்லம் நடத்தினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடினார்கள். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரண விஷயமில்லை. மனசாட்சி உள்ளவர்கள்தான் அந்தப் படியேறினார்கள்.

முதலில் காணிக்கை. பிறகு வருமானத்தில் இவ்வளவு என்று ஒரு பங்கு. அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போனது. சபையின் கூட்டு வீடுகளுக்குக் குடிபோனவர்கள் சம்பளத்தை அப்படியே கொடுத்தார்கள், சொந்த வீட்டையும் எழுதிக் கொடுத்தார்கள். முதியவர்களுக்கு அரசு மாதாமாதம் அனுப்பிய ஓய்வூதியக் காசோலையும் சபைக்கே போனது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். செய்யாத குற்றத்தைச் செய்ததாக எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள், விசுவாசத்தைச் சோதிக்கிறோம் என்று சொல்லி. கயானாவுக்குப் போனதும் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிவிட்டார்கள். கடிதங்கள் படித்துப் பார்த்தபிறகே வெளியே போயின. ஒலிபெருக்கியில் இரவு பகலாகத் தலைவரின் குரல் கேட்டது. அவரை 'அப்பா' என்றுதான் அழைக்க வேண்டும். அங்கே மக்கள் சோறும் குழம்புமாகக் காலம் தள்ளியபோது, சபையின் பெயரில் வெளிநாட்டு வங்கிகளில் பல மில்லியன் டாலர் கிடந்தது.

"பிடிக்கவில்லை என்றால் கிளம்பியிருக்கலாமே" என்று இன்றும் கேட்கிறார்கள். எங்கே கிளம்புவது? வீட்டை எழுதிக் கொடுத்தவருக்குத் திரும்பிப் போக வீடு ஏது? கடைசி நாளில், விசாரிக்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரோடு பதினைந்து பேர் அளவில்தான் கிளம்பினார்கள். சுமார் ஆயிரம் பேரில் பதினைந்து! அதையும் தலைமையால் பொறுக்க முடியவில்லை. விமான ஓடுதளத்தில் வைத்துச் சுட்டதில் அந்த உறுப்பினர் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் மற்றது.

படித்தவர்கள் இதிலெல்லாம் விழமாட்டார்கள் என்பது நம் வீடுகளில் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற நச்சுப்பொருளைப் பரப்பிய மதக் குழுவினரில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். இயற்பியல் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். துறவு என்ற பெயரில் சொத்து முழுவதையும் அமைப்புக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்கள் அந்தக் குழுவில் நிறைய.

ஆகவே ஒரு குழு எந்தச் சாமியைக் கும்பிடுகிறது, தலைவர் காவி கட்டுகிறாரா கோட்டு போடுகிறாரா என்பதையெல்லாம் விடுங்கள். வெளியே போனவரைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "அவருக்குப் பிடிக்கவில்லை, போய்விட்டார்" என்றால் பயமில்லை. "துரோகி, அவன் குடும்பமே அழியும்" என்றால் அங்கே கதவு சாத்தியிருக்கிறது. கணக்குக் கேட்டால் "உனக்கு நம்பிக்கை போதாது" என்று பதில் வருகிறதா, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடாத ரகசியம் என்று ஏதாவது இருக்கிறதா, கவனியுங்கள்.

பக்தியையே சந்தேகப்படுகிறீர்கள் என்று சிலர் கோபிக்கலாம். எத்தனையோ மடங்களும் சபைகளும் தலைமுறைகளாக நேர்மையாக நடக்கின்றன, மறுக்கவில்லை.

என் கவலையெல்லாம் அறுபதைத் தாண்டியவர்களைப் பற்றித்தான். ஓய்வுபெற்ற பணம் கையில், பிள்ளைகள் வெளிநாட்டில், துணையும் போய்ச் சேர்ந்தாயிற்று. தினமும் "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்க ஒரு குழு கிடைத்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? ஜோன்ஸ்டவுனிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்கள் இருந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தன் குடிலில் அசந்து தூங்கியதால் பிழைத்தார். விழித்தபோது, உடன் வந்த சகோதரி உயிரோடு இல்லை.

அம்மாவோ அப்பாவோ இப்படி ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார் என்றால் கேலி பேசாதீர்கள், பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். "பார்த்தீர்களா, உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள்மேல் அக்கறையில்லை" என்று குழுவினர் சொல்வதற்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். வாரம் ஒருமுறை விசாரிக்கும் போனைத் தினமும் போடுங்கள். சேவைக்குப் போகட்டும், பஜனைக்குப் போகட்டும். சொத்துப் பேச்சு வந்தால் மட்டும் உஷாராகுங்கள்.

பத்திரங்களில் வித்தியாசம் உண்டு. உயிலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தானப் பத்திரம் அப்படியல்ல. பதிவாகி, மறுதரப்பு ஏற்றுக்கொண்டுவிட்டால் மனம் மாறியதற்காக மட்டும் திரும்பப் பெற முடியாது. 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கைமாறிய சொத்தின் பத்திரத்தை, கவனிக்காமல் விட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "கடவுள் காரியத்தில் நிபந்தனையா?" என்று குழு முகம் சுளித்தால், அன்றைக்கே எழுந்து வரச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு நெருக்குகிறார்கள் என்று தெரிந்தால் முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது.