கால்கள் திறந்த மலை

களவு செய்தவனும் கொலை செய்தவனும் சிறை செல்வது உலக வழக்கு. மலைமீது நடக்கப் போய்ச் சிறை புகுந்தவர்களைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1932ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐந்து இளைஞர்களுக்கு அந்த விதி நேர்ந்தது. அவர்கள் ஏறிய மலையின் பெயர் கிண்டர் ஸ்கவுட்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பர் நால்வரோடு அந்த மலையைக் கடந்து நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு பப்பின் வாசலில் தொடங்கி மற்றொரு பப்பின் அடுப்பங்கரையில் முடிந்த அந்தப் பத்து மைல் நடை, மலையைப் பற்றி மட்டுமன்றி மனிதரைப் பற்றியும் எனக்குச் சில பாடங்களைக் கற்பித்தது. அவற்றை வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஈடேல் கிராமம்

மான்செஸ்டர், ஷெபீல்ட் என்னும் இரு பெரும் தொழில் நகரங்களுக்கு இடையே புகையிரதப் பாதையொன்று மலைகளை ஊடறுத்துச் செல்கிறது. அப்பாதையிலுள்ள சிற்றூரே ஈடேல். கற்சுவர்களால் வரம்பிட்ட பசும்புல் நிலங்களும், அவற்றில் மேயும் செம்மறியாடுகளும், ஒரு தேவாலயமும், அதன் அப்பால் ஓல்ட் நாக்ஸ் ஹெட் என்னும் பழைய பப்பும் அங்குண்டு. அந்தக் கட்டிடம் 1577ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். ஸ்கொட்லாந்தின் எல்லைவரை 268 மைல் நீளும் பென்னைன் நெடும்பாதை அங்கேதான் ஆரம்பமாகிறது. டொம் ஸ்டீவன்சன் என்னும் பத்திரிகையாளர் 1935ஆம் ஆண்டு முன்மொழிந்த அப்பாதை, முப்பது ஆண்டுகள் கழித்து 1965ஆம் ஆண்டிலேயே முழுமையாகத் திறக்கப்பட்டது.

பப் என்றதும் நம் ஊர்த் தவறணையை எண்ணிவிடக் கூடாது. பப்ளிக் ஹவுஸ், அதாவது பொதுமனை என்பதன் சுருக்கமே அச்சொல். குடும்பத்தோடு வந்து உணவருந்துவோரும், தேநீர் குடிப்போரும், நாயோடு வந்து அடுப்பருகே இளைப்பாறும் முதியோரும் அங்கிருப்பர். மதுவருந்தாத எனக்கு அங்கு எவ்விதச் சங்கடமும் ஏற்படவில்லை.

கதவு திறந்ததும் உள்ளே சென்று ஆளுக்கொரு கோப்பை கோப்பி அருந்தினோம். எங்கள் குழுவின் தலைவர், நான் குடியிருந்த வீட்டுக்கு அயலில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். வைத்தியசாலைத் தாதி ஒருவர், பஸ் சாரதி ஒருவர், பல்கலைக்கழக மாணவன் ஒருவன் ஆகியோர் மற்றைய மூவர். ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஊதுகுழலைக் கொடுத்தார். “இடருற்றவர் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதவேண்டும். கேட்டவர் மும்முறை ஊதிப் பதிலளிக்க வேண்டும். இன்னொன்று: நம்முள் மெதுவாக நடப்பவரின் வேகமே நம் எல்லாருடைய வேகமும்” என்றார். மாணவன் புன்னகைத்தான். அந்தப் புன்னகையின் பொருள் எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

மரமில்லாத மலைவெளி

ஒரு மணி நேரம் சமநிலத்தில் நடந்தபின், ‘யாக்கோபின் ஏணி’ எனப் பெயர்பெற்ற செங்குத்தான கற்படிகள் வந்தன. படியேறி முடிந்ததும் உலகமே மாறிவிட்டது. வயலும் மரமும் மறைந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அலையலையாய் விரிந்த மேட்டுநிலம். அதன்மேல் ஊதாநிறப் பூக்கள் நிறைந்த ஹெதர் என்னும் குறுஞ்செடி. இத்தகைய மரமற்ற மலைவெளியை ஆங்கிலேயர் ‘மூர்’ என்பர்.

காலடியில் இருந்த மண்ணோ கன்னங்கரியது. இறந்த பாசிகளும் செடிகளும் ஈரத்தில் முற்றாக மக்காமல் படிந்து உண்டான ‘பீட்’ அது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவே அது வளரும். ஆகவே ஒரு மீற்றர் ஆழமுள்ள பீட் உண்டாக ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். ஆலைப் புகையும், தீயும், மிகையான மேய்ச்சலும் அந்த மலையின் பாசியை அழித்துவிட்டன. மழைநீர் வெறும் பீட்டை அரித்து, ஆள் உயரத்துக்கும் மேலான கரிய பள்ளங்களை வெட்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டு முதல், பள்ளங்களுக்குக் குறுக்கே சிறு அணைகள் கட்டியும், பாசியை மீண்டும் நட்டும் அந்நிலத்தைக் காக்கும் பெருமுயற்சி நடந்து வருகிறது.

மூடுபனி

கிண்டர் லோ என்னுமிடத்தில், 633 மீற்றர் உயரத்தில், திடீரென மூடுபனி இறங்கிற்று. பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தாதிக்கு முழங்கால் வலி கண்டிருந்தமையால் நாங்கள் மிக மெதுவாகவே நடந்தோம். “நான் சற்று முன்னே சென்று வழி பார்த்து வருகிறேன்” என்றான் மாணவன். ஆசிரியர் மறுமொழி கூறுமுன்பே பனி அவனை விழுங்கிவிட்டது.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம் சென்றன. கூப்பிட்டோம், பதிலில்லை. சாரதி அவனைத் தேடிப் புறப்பட முயன்றார். ஆசிரியர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். “இப்போது காணாமற் போனவன் ஒருவன். நாம் பிரிந்தால் ஐவரும் காணாமற் போவோம். இவ்விடத்தை விட்டு எவரும் அசையக்கூடாது” என்றார். குரல் அமைதியாக இருந்தது. ஆனால் அவர் கை நடுங்கியதை நான் கண்டேன்.

சற்று நேரத்தில், எத்திசையிலிருந்து என்று சொல்ல முடியாதபடி, மெல்லிய ஊதுகுழல் ஒலி கேட்டது. எண்ணினோம்: ஆறு. ஆசிரியர் மும்முறை ஊதினார். மீண்டும் ஆறு, மீண்டும் மூன்று. இவ்வாறு இருபது நிமிடம் ஒலியே கயிறாக நின்று அவனை எங்களிடம் இழுத்து வந்தது. இடுப்புவரை கருஞ்சேறு, முகமோ வெளிறியிருந்தது. ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் பள்ளங்களுக்குள் இறங்கித் திசை தெரியாது சுற்றியிருக்கிறான். அவனை ஒருவரும் கடியவில்லை. தாதி தன்னிடமிருந்த பாண் துண்டை அவனிடம் நீட்டினார். அவன் அவருடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதன்பின் வழிநெடுக அவனே கடைசியாக நடந்தான்.

ஐவரின் சிறைவாசம்

கிண்டர் நீர்வீழ்ச்சியை அடைந்தபோது பனி விலகியது. மேற்குக் காற்று பலமாக வீசினால், அங்கே விழும் நீர் மேல்நோக்கித் திரும்பிப் பறக்கும். அக்காட்சியைக் கண்டு நின்றோம். தொலைவில் மான்செஸ்டர் நகரம் மங்கலாகத் தெரிந்தது. ஆசிரியர் அங்கிருந்து அந்தப் பழைய கதையைக் கூறினார்.

வாரம் முழுவதும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்த தொழிலாளருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். நகரத்துப் புகைக்கு அப்பால் இந்த மலை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கால்களுக்கு எட்டவில்லை. க்ரவுஸ் என்னும் காட்டுப்பறவையைப் பிரபுக்கள் சுட்டு விளையாடுவதற்காக மலை முழுவதும் மூடப்பட்டு, வேட்டைக் காவலர் நிறுத்தப்பட்டிருந்தனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி, இருபது வயதே நிரம்பிய பென்னி ரொத்மன் என்னும் இளைஞரின் தலைமையில், ஏறக்குறைய நானூறு பேர் ஹேபீல்ட் ஊரிலிருந்து தடையை மீறி மலையேறினர். வில்லியம் க்ளவ் என்னும் பள்ளத்தாக்கின் சரிவில் காவலரோடு கைகலப்பு ஏற்பட்டது. ஊர் திரும்பியதும் பொலிஸார் சிலரைக் கைதுசெய்தனர். அத்துமீறி நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமன்று. ஆதலால் கலகம், தாக்குதல் முதலிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம்.

நடைப்பிரியர் சங்கங்களின் தலைவர்கள் பலர் அன்று இச்செயலை ஆதரிக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு இது ஊறு விளைவிக்கும் என அஞ்சினர். ஆயினும் தண்டனையின் கடுமை பொதுமக்களின் அனுதாபத்தைத் தூண்டிற்று. 1949ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ஆம் ஆண்டு இந்த மலைப்பிரதேசமே பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரையறுக்கப்பட்ட மலைவெளிகளில் எவரும் நடக்கலாம் என்ற உரிமையை வழங்கிற்று. 2002ஆம் ஆண்டு, எழுபதாவது ஆண்டு நிறைவு விழாவில், அன்றைய நிலவுடைமையாளரின் பேரனாகிய டெவன்ஷயர் கோமகன், தம் பாட்டனாரின் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ரொத்மன் அதைக் கேட்க உயிரோடில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் காலமானார்.

வழியில் ஓரிடத்தில், பென்னைன் பாதையின் சேற்றை மூடி நீண்ட கற்பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. கைவிடப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களை இவ்வாறு பாதைகளுக்குப் பயன்படுத்தியிருப்பதாக ஆசிரியர் கூறினார். பாட்டன்மார் வெறுங்காலோடு நின்று உழைத்த கல்லின்மீது இன்று பேரப்பிள்ளைகள் உலாவுகின்றனர்!

மாலைப் பொழுது

பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, நீர்த்தேக்கத்தைக் கடந்து, பவ்டன் பிரிட்ஜ் கற்சுரங்கத்தை அடைந்தோம். நானூறு பேர் கூடிய அவ்விடத்தில் 1982ஆம் ஆண்டு பதிக்கப்பட்ட நினைவுப் பலகை ஒன்றுண்டு. மாணவன் அதை இருமுறை வாசித்தான்.

ஹேபீல்டிலே பப் ஒன்றினுள் நுழைந்து, சேறு படிந்த சப்பாத்துகளை வாசலில் கழற்றிவைத்து, அடுப்பருகே அமர்ந்தோம். குழுவில் ஒருவர் எல்லாருக்குமாக வாங்குவதும், அடுத்தமுறை மற்றொருவர் வாங்குவதும் அங்குள்ள வழக்கம். முதல் முறை என்னுடையது என்று மாணவன் முந்திக்கொண்டான். நால்வருக்கு பியர், எனக்கு இஞ்சிச் சோடா. பானங்கள் வந்தன, எவரும் கை வைக்கவில்லை. தாதி முழங்காலைத் தடவியபடி வாசலில் இன்னும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்து அமர்ந்த பின்னரே ஐந்து கிண்ணங்களும் உயர்ந்தன.

அந்த மலையைத் திறந்தவர்கள் தனியே ஓடிய வீரரல்லர். சேர்ந்து நடந்த எளிய மனிதர். நானூறு பேர் ஒன்றாய் நடந்தமையாற் கதவு திறந்தது. நால்வர் ஒன்றாய் நின்றமையால் ஒருவன் உயிரோடு மீண்டான். மாணவ நண்பர்களே, நீங்கள் எந்த மலையில் ஏறினாலும், முன்னே செல்லும் ஆற்றல் உங்களுக்கு இருந்தாலும், இடையிடையே திரும்பிப் பாருங்கள். கடைசியில் வருபவரும் வந்து சேர்ந்தபின்தான் பயணம் முடிகிறது.