உடற்பருமனும் அறுவை மருத்துவமும்



உடல் பருத்தவர்களைக் கண்டு நகைப்பது எளிது. நாடகத்திலும் திரைப்படத்திலும் பருத்த மனிதர் ஒருவர் தோன்றினால், அவர் வாய் திறக்குமுன்பே அவையோர் சிரித்துவிடுகின்றனர். அச்சிரிப்புக்கு இலக்காகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் எடை 128 கிலோ. இன்று 91 கிலோ. இடையே நிகழ்ந்தது ஓர் அறுவை மருத்துவம். அதனைச் செய்துகொள்வதா, வேண்டாவா என்பதை நான் எங்ஙனம் முடிவு செய்தேன், செய்துகொண்ட பின்னர் எங்ஙனம் வாழ்கிறேன் என்பவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். ஆகவே மருத்துவர்கள் எனக்கு விளக்கியவற்றையும், நான் படித்தறிந்தவற்றையும், என் உடலே எனக்குக் கற்பித்தவற்றையும் சேர்த்துச் சொல்வேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒருவருடைய எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, அவருடைய உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதனை உடல் நிறைக் குறியெண் என்பர். இதற்கு அடிகோலியவர் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்த கெத்தலே என்னும் கணித அறிஞர். என் உயரம் 1 மீட்டர் 68 சென்டிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள், என் எண் 45 என்று வரும். இவ்வெண் 40ஐ எட்டியவர்களுக்கும், 35ஐ எட்டி உடன் நீரிழிவு போன்ற நோய்களும் உடையவர்களுக்கும் அறுவை மருத்துவத்தைக் கருதலாம் என்று 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூடிய அறிஞர் குழு வரையறுத்தது. 2022ஆம் ஆண்டில் இத்துறை மருத்துவர்களின் இரு பெருஞ்சங்கங்கள் அவ்வரம்பைத் தளர்த்தின. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றுவதால், அவர்கள் வகையில் 27.5 என்னும் எண்ணையே எல்லையாகக் கொள்ளலாம் என்றும் கூறின.

ஆயினும் எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் கத்தியின் கீழ்ப் படுத்துவிட முடியாது. என் தந்தையார் நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்று 57ஆம் வயதில் மறைந்தார். 38ஆம் வயதில் நானும் நாள்தோறும் இருமுறை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மாடி வகுப்புக்குச் செல்லும்போது, நடுப்படியில் நின்று, எதையோ மறந்தவன் போல் பையைத் துழாவுவேன். உண்மையில் மூச்சு வாங்குவதற்காகவே அங்கே நின்றேன். அதை மாணவர் அறியலாகாது என்பதே என் கவலை.

அறுவை மருத்துவம் என்ற பேச்சை வீட்டில் எடுத்தவுடன் என் அன்னையார் கேட்டார்: "ஏன் தம்பி, வாயைக் கட்டினால் வயிறு தானே சுருங்கும். அதற்குக் கத்தி எதற்கு?"

இக்கேள்வி நியாயமானது. உலகம் முழுவதும் கேட்கும் கேள்வியும் இதுவே. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், பத்துக் குறள்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றை உணவின் அளவைக் கூறுவதற்கே ஒதுக்கியிருக்கிறார். நானும் வாயைக் கட்டிப் பார்க்காதவன் அல்லன். ஐந்து முறை பத்துக் கிலோவுக்கு மேல் இளைத்தேன். ஐந்து முறையும் இழந்ததைவிட மிகுதியாகப் பெருத்தேன். ஒவ்வொரு முறையும் என் மன உறுதியின்மீதே பழியைப் போட்டுக்கொண்டேன்.

அப்பழி முழுவதும் எனக்கு உரியதன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944, 45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். நல்ல உடல்நலம் உடைய 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து ஆறு திங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். அத்துடன் உடல் எரிபொருளைச் செலவிடும் வேகமும் தணிந்தது. குளிர் தாங்க முடியவில்லை. உணவைத் தவிர வேறு நினைவே இல்லை. சமையல் நூல்களை ஆசையோடு படித்தவரும் உண்டு. எடை குறையக் குறைய உடல் அதனைப் பஞ்சம் என்றே கொண்டு, பசியைப் பெருக்கிச் செலவைச் சுருக்குகிறது என்பது இதனால் விளங்கும். பருத்த உடலும் இளைக்கும்போது இவ்வாறே எதிர்த்து நிற்கிறது. சில கிலோவைக் குறைக்க விரும்புபவர் இவ்வெதிர்ப்பை வெல்லலாம். நாற்பது கிலோவைக் குறைத்து, குறைத்ததை வாழ்நாள் முழுவதும் காத்து நிற்பவர் மிகச் சிலரே.

இனி, அறுவை மருத்துவம் தோன்றிய விதத்தைக் காண்போம். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பின்னர் எளிதில் பருப்பதில்லை என்பதை அயோவாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் எட்வர்டு மேசன் கவனித்தார். அக்குறிப்பை அடியாகக் கொண்டு 1966ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று அது திருந்திய முறையில், வயிற்றில் சில சிறு துளைகளின் வழியே ஒளிக்கருவியைச் செலுத்திச் செய்யப்படுகிறது. இரைப்பையின் மேற்பகுதியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை அறுத்து மேலே கொணர்ந்து அதனோடு இணைக்கிறார்கள். உணவு பெரிய இரைப்பையையும் குடலின் முற்பகுதியையும் தொடாமல் செல்கிறது. மற்றொரு முறையில், இரைப்பையின் முக்காற்பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, எஞ்சியதைச் சட்டைக் கைபோல் ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுகிறார்கள். எனக்குச் செய்தது முதல் முறை.

வயிறு சிறுத்ததால் உணவு குறைகிறது, உணவு குறைந்ததால் உடல் இளைக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். அது பாதி உண்மையே. குடலும் இரைப்பையும் மூளையோடு ஓயாது பேசிக்கொண்டிருக்கின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு இரைப்பையில் ஊறுகிறது. இதனை ஜப்பானிய அறிஞர்கள் 1999இல் கண்டறிந்தனர். உண்டது போதும் என்று அறிவிக்கும் சுரப்புகள் குடலின் பிற்பகுதியில் ஊறுகின்றன. அறுவைக்குப் பின் உணவு அப்பகுதியை விரைவில் அடைவதால் அச்சுரப்புகள் மிகுகின்றன; இன்சுலினும் நன்கு சுரக்கிறது. வட கரோலினாவைச் சேர்ந்த வால்ட்டர் போரிஸ் என்னும் அறுவை மருத்துவர் 1995இல் தம் அனுபவத்தை வெளியிட்டார். அறுவை செய்துகொண்ட நீரிழிவாளர் ஐவரில் நால்வருக்கு மேல் இரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது என்றும், எடை குறைவதற்கு முன்பே அம்மாறுதல் தொடங்கியது என்றும் அவர் கூறினார். என் தந்தையாரை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இச்செய்தியே பெரிதாகப் பட்டது.

ஆனால் அச்சமும் பெரிதாகவே இருந்தது. கணிதம் கற்றவன் ஆதலால் இரண்டு ஆபத்துகளையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க முயன்றேன். சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய பேராராய்ச்சி ஒன்று இதற்குத் துணை செய்தது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அவர்களை ஒத்த நிலையில் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற 2,037 பேரையும் அந்நாட்டு அறிஞர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அறுவை செய்துகொண்டவர்களுள் ஐவர் 90 நாள்களுக்குள் இறந்தனர்; அஃதாவது நானூறு பேருக்கு ஒருவர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அறுவை செய்துகொண்டவர் கூட்டத்திலேயே இறப்பு குறைந்தது. 2020இல் வெளியான கணக்கின்படி அவர்களுடைய ஆயுள் மற்றவர்களைவிட 3 ஆண்டுகள் நீண்டிருந்தது. ஆனால் பொதுமக்களின் ஆயுளுக்கு இன்னும் ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. இதில் உறுதிமொழி எதுவும் இல்லை என்பதை நான் உணர்ந்தேன். நானூறில் அந்த ஒருவனாக நானே அமையலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால், என் தந்தையார் சென்ற வழியே எனக்கும் வழி. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, செய்துகொள்வதென்று முடிவு செய்தேன். என் அன்னையார் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். எதிர்ப்பதை நிறுத்தினார்.

அறுவை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. முதல் இரண்டு வாரம் வடித்த கஞ்சி, பருப்பு நீர், மோர். அவையும் சிறு கரண்டியால். பின்னர்க் குழைந்த உணவு. இரண்டு திங்களுக்குப் பின்னரே நாம் உண்ணும் உணவு. இன்சுலின் பத்தாம் நாளே நிறுத்தப்பட்டது. ஒன்றரை ஆண்டில் 84 கிலோவுக்கு இறங்கினேன். மாடிப்படியில் நிற்காமல் ஏறிச் சென்ற முதல் நாளில், மேற்படியை அடைந்த பின்னரே நடுப்படியை நினைத்தேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டுக் கதை சுபமாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் தொடங்குகிறது.

உணவைப் புரதத்தில் தொடங்க வேண்டும். நன்கு மென்று, மெல்ல உண்ண வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. ஒரு திருமணத்தில் ஆசை மிகுந்து அரைக் கிண்ணம் பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, தலை சுழன்றது. மண்டபத்தின் பின்கட்டில் படுத்துவிட்டேன். சர்க்கரை இரைப்பையில் தங்காமல் குடலில் விரைந்து இறங்கி, உடலின் நீரைத் தன்பால் இழுப்பதால் வரும் துன்பம் இது. மது அருந்துவோர்க்கு இதனினும் பெரிய இடர் உண்டு. மது விரைந்து இரத்தத்தில் ஏறுவதால், முன்பு அளவோடு இருந்தவர்களுள் சிலர் அறுவைக்குப் பின் அதற்கு அடிமையாகின்றனர். துயரத்தை ஆற்றிக்கொள்ள உணவை நாடியவர்க்கு, உணவு போனாலும் துயரம் போவதில்லை. அவர்கள் மனநல மருத்துவரின் துணையை முன்கூட்டியே நாட வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பெரும்பிழை செய்தேன். உடல் நன்றாயிருக்கிறதே என்று மருத்துவர் தந்த வைட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். சில திங்களில் பாதங்கள் மரத்தன. செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. இரத்தத்தைச் சோதித்ததில் வைட்டமின் பி-12 மிகக் குறைந்திருந்தது. இச்சத்து உடலில் சேர்வதற்கு இரைப்பையின் அமிலமும், அங்கே ஊறும் ஒரு புரதமும் வேண்டும். என் உணவோ இரைப்பையைத் தொடாமலே செல்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரிவதில்லை. சேமிப்புத் தீர்ந்த பின் நரம்பைத் தாக்குகிறது. ஊசி மருந்தால் உணர்ச்சி பெரும்பாலும் மீண்டது. இடக்காலின் இரு விரல்களில் இன்றும் மீளவில்லை. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவையும் இவ்வாறே. இம்மாத்திரைகள் நோய்க்கு உண்பவை அல்ல, மாற்றி அமைத்த உடலுக்கு நாம் வாழ்நாள் முழுவதும் செலுத்தும் வரி. ஆண்டுதோறும் இரத்தச் சோதனையும் அவ்வரியில் அடங்கும்.

எடையும் சிறிது திரும்பியது; 84 கிலோ 91 ஆயிற்று. சர்க்கரைக்காக ஒரு மாத்திரை மீண்டும் உண்கிறேன். இது தோல்வியன்று, பலருக்கும் நேர்வதே என்று மருத்துவர் சொன்னார். வயிற்றுத் தோல் தொங்குகிறது. ஊரில் பழையவர்கள் என்னைக் கண்டு, "உடம்புக்கு என்ன, இப்படி இளைத்துவிட்டீர்களே!" என்று இரங்குகிறார்கள். பந்தியில் அமர்ந்தால், இலையில் உணவு எஞ்சுவதைக் கண்டு, தம் விருந்தில் குறையோ என்று வீட்டார் வருந்துகிறார்கள். என் அன்னையாரின் வருத்தம் அவற்றினும் பெரிது. உணவிட்டே அன்பு காட்டியவருக்கு, மகன் மூன்று கவளத்தில் எழுந்துவிட்டால் என்ன எஞ்சும்? ஓராண்டுக் காலம் அவர் என் உணவு வேளையில் அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை. பின்னர் ஒருநாள், குழந்தைப் பருவத்தில் எனக்குச் சோறூட்டிய வெள்ளிக் கிண்ணத்தைத் தேடியெடுத்து, அதில் வேகவைத்த பாசிப்பயறும் தயிரும் இட்டு என் முன் வைத்தார். "இதையாவது மிச்சம் வைக்காதே, தம்பி" என்றார். இன்றும் என் அளவு அந்தக் கிண்ணமே.

2017ஆம் ஆண்டில் இல்லாத ஒரு வழியும் இப்போது உண்டு. குடல் சுரக்கும் செய்தியை ஒத்த செமாகுளூட்டைடு போன்ற ஊசி மருந்துகளைப் பருமனுக்காக வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2021இல் இதற்கு இசைவு கிடைத்தது. அம்மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. ஆகவே அங்கும் வாழ்நாள் கடப்பாடு இருக்கவே செய்கிறது.

நண்பர்களே, நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவன் செயல்பட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. உங்கள் வீட்டில் எவரேனும் இம்முடிவை எடுக்க நேர்ந்தால், அவருக்கு மன உறுதி உண்டா என்று கேளாதீர்கள். வாளாவிருந்தால் அவர் உடல் எங்கே செல்லும்? அறுவைக்குப் பின் அவ்வுடல் கேட்கும் வரியை அவர் ஒவ்வோர் ஆண்டும் செலுத்த முடியுமா? அதற்கு வீட்டார் துணை நிற்பார்களா? இவற்றையே கேளுங்கள். சில கிலோவைக் குறைத்து அழகு பெறுவதற்கு உரிய வழியன்று இது. உங்கள் வகுப்பில் பருத்த தோழர் ஒருவர் மாடிப்படியில் நின்று பையைத் துழாவிக்கொண்டிருந்தால், சிரித்துக் கடந்து செல்லாதீர்கள். நீங்களும் எதையோ தேடுவது போல் அவருடன் சற்று நில்லுங்கள்.