கொண்டைக்குள் ஒரு திண்டு

1772 மே மாதம், பாஸ்டன் நகரில் அன்னா கிரீன் வின்ஸ்லோ என்ற பன்னிரண்டு வயதுப் பெண் தன் தலைவேதனையை நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். படிப்பதற்காக அத்தை வீட்டில் தங்கியிருந்தவள். அன்றைய நாகரிகப்படி முடியைத் தூக்கிக் கட்ட உள்ளே ஒரு திண்டு வைத்துக்கொண்டாள். அதற்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்கிறாள்: செந்நிற மாட்டுவால் மயிர், முரட்டுக் குதிரைமயிர், கொஞ்சம் மஞ்சள் நிற மனித முடி. அந்த முடி ஏதோ பழைய டோப்பாவின் பின்பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்பது அவள் ஊகம். அரிக்கிறது, வலிக்கிறது, எரிகிறது என்கிறாள். அத்தை ஏப்ரனை வைத்து அளந்து பார்த்திருக்கிறார். நெற்றி முடியிலிருந்து முகவாய் வரை உள்ள நீளத்தைவிட, நெற்றி முடியிலிருந்து கொண்டை உச்சி வரை ஓர் அங்குலத்துக்கும் மேல் கூடுதல்!

அந்தத் திண்டுகளைத் தைப்பதுதான் என் தொழில். நான் இருப்பது வர்ஜீனியாவில். பழைய காலத்து உடையணிந்து, அந்தக் காலத்து வேலைகளை மக்கள் கண்ணெதிரில் செய்துகாட்டும் ‘வாழும் வரலாறு’ இங்கே பெரிய இயக்கம். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த வில்லியம்ஸ்பர்க்கை ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பணத்தில் 1920-களில் மீட்டுக் கட்டத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே டோப்பாக் கடையும் தையல் கடையும் உண்டு. வேலை கற்க வருபவர்கள் பல ஆண்டுகள் தொழில் பழகுகிறார்கள். என்னிடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் வார இறுதிகளில் மட்டும் வேடம் கட்டும் ஆசிரியைகள், செவிலியர்கள், ஓய்வு பெற்றவர்கள்.

திண்டு பார்க்க எளிய பொருள். கம்பளித் துணியில் இதய வடிவத்தில் உறை, உள்ளே ஆட்டு ரோமம். உறையின் நிறம் அணிபவரின் முடி நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். முடி எங்காவது விலகினாலும் கண்ணை உறுத்தாது. கஷ்டமெல்லாம் அடைப்பதில்தான். இறுக்கி அடைத்தால் கொண்டை ஊசி இறங்காது, கனமும் ஏறும். தளர்த்தி அடைத்தால் மத்தியானத்துக்குள் கொண்டை சரிந்துவிடும். ரோமத்தைக் கையால் பிரித்துப் பிரித்து, சிறு சிறு பிடியாக ஓரத்திலிருந்து நடுவுக்கு வைத்துக்கொண்டு வருவேன். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய், எடுத்ததும் மெல்ல எழும்பி வர வேண்டும். அன்னாவின் திண்டைச் செய்தவர் கையில் கிடைத்ததையெல்லாம் திணித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாவம் அந்தக் குழந்தை.

ஷாம்பூ போட்டு அலசிய முடி இந்தத் திண்டின் மேல் நிற்காது, வழுக்கும். ஆட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் உருக்கி, கிராம்பு, எலுமிச்சை வாசனை சேர்த்த பொமேடை முடியில் தடவி, அதன் மேல் மாவுத்தூள் தூவ வேண்டும். அப்போதுதான் முடிக்குப் பிடிப்பு வரும். அக்காலத்துப் பெண்களை அழுக்கானவர்கள் என்று கேலி பேசுகிறவர்கள் ஒரு முறை இதைச் செய்து பார்க்க வேண்டும். தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது, சீவும்போது அழுக்கும் கூடவே வந்துவிடுகிறது.

காதோரச் சுருள்களைத் தனியாகச் செய்கிறேன். இரண்டு கம்புகளுக்கு இடையில் மூன்று பட்டு நூல்களை இழுத்துக் கட்டி, நான்கைந்து இழை முடியாக எடுத்து அவற்றில் பின்னிக்கொண்டே போக வேண்டும். பிறகு களிமண் உருளைகளில் சுற்றிக் கொதிக்கவைத்து, அடுப்பில் உலர்த்தினால் சுருள் நிலைக்கும். இதில் ஒரு விதி உண்டு: எல்லா இழைகளுக்கும் வேர் ஒரே பக்கம் இருக்க வேண்டும். முடியின் மேல் மீன் செதில் போன்ற படலம் இருக்கிறது. வேரும் நுனியும் மாறிக் கலந்தால் செதில்கள் ஒன்றையொன்று கொக்கிபோட்டுச் சிக்காகிவிடும். எங்கள் பாட்டி சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுவர்ப் பிறையில் சேர்த்துவைத்துச் சவுரி கட்டிக்கொள்வார். அந்தச் சவுரி ஏன் அடிக்கடி சிக்கு விழுந்தது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கேயும் பெண்கள் மூடியில் துளையிட்ட பீங்கான் கிண்ணத்தில் உதிர்ந்த முடியைச் சேர்த்தார்கள், கொண்டைக்குள் வைப்பதற்காக.

உடைக்கு உள்ளே இருப்பவைதான் எனக்கு இன்னும் பிரியமானவை. அன்றைய கவுனின் முன்பக்கத்தைப் பெரும்பாலும் குண்டூசியால்தான் மூடினார்கள். ஒரு பெண் உடுத்தி முடிக்க நிறைய ஊசி தேவைப்பட்டது. ஆடம் ஸ்மித் 1776-இல் தன் பொருளாதார நூலை ஒரு குண்டூசிப் பட்டறையைக் காட்டித்தான் தொடங்கினார். பதினெட்டு வேலைகளாகப் பிரித்துக்கொண்டு பத்துப் பேர் நாளுக்கு 48,000 ஊசி செய்தார்கள் என்கிறார். அத்தனைக்கும் தேவை இருந்தது. பித்தளைக் கம்பியில் தலையைத் தனியாகச் சுற்றிப் பொருத்தி, வெள்ளீயம் பூசிய ஊசிகள் அவை. எவர்சில்வர் ஊசியைக் குத்திக்கொண்டு யாராவது வந்தால் என் கண் அங்கேதான் போகும்.

ஊசிகளைக் குத்திவைக்க, இடுப்பில் சங்கிலியில் தொங்கும் சிறு பந்து. யார்க்‌ஷயரில் 1779-இல் குவேக்கர்கள் தொடங்கிய ஆக்வொர்த் பள்ளியின் மாணவிகள் மெல்லிய பட்டு நூலில் பின்னிய பந்துகள் இன்றும் சேகரிப்புகளில் இருக்கின்றன. பாவாடைக்கு அடியில் நாடாவால் கட்டிய துணிப்பை. பாவாடைப் பிளவு வழியாகக் கைவிட்டு எடுக்கலாம். அந்தப் பைக்குள் ஹஸ்ஸிஃப் என்னும் தையல் சுருள்பை. துணிப்பட்டையில் சின்னச் சின்ன அறைகள், ஊசி குத்த ஃபிளானல் இதழ், சுருட்டிக் கட்ட நாடா. சிப்பாய்களும் வைத்திருந்தார்கள்; 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தாய்மார்களும் தங்கைகளும் தைத்து அனுப்பினார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, கவுனை விடுங்கள், ஹஸ்ஸிஃபில் ஆரம்பியுங்கள். நான்கு அங்குல அகலம், ஓரடிக்குக் கொஞ்சம் மேல் நீளம் போதும். லினன் நூலைத் தேன்மெழுகில் இருமுறை இழுத்துவிட்டுத் தையுங்கள், முறுக்குப் பிரியாது. மேல்துணிக்குச் சிறு பூப்போட்ட பருத்தித் துண்டுகளைத் தேடுங்கள். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய துணிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. கவுன் கிழிந்த பிறகும் அந்தத் துணியைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டு இப்படிப்பட்ட பைகள் தைத்தார்கள். அதனால் உங்கள் ஹஸ்ஸிஃபின் அறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு துணியில் இருக்கட்டும். ஓரங்களையும் முழுக்கக் கையாலேயே தையுங்கள்.