பிழை ஆண்டில்தான், பனியில் அல்ல

பனி உருகுவதாகச் சொல்வதெல்லாம் மிகை என்போர் நம் நாட்டில் தவறாமல் எடுத்துக்காட்டும் சான்று ஒன்று உண்டு. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007 அறிக்கையில் எழுதியது. அவ்வளவு வேகத்துக்குச் சான்றில்லை என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பொறுப்பு வகித்த வி.கே. ரெய்னா 2009இல் மறுத்தார். சரிபார்க்கப்படாத மூலத்திலிருந்து எடுத்த கணிப்பு அது. 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. பெரிய தவறுதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால், பனியே உருகவில்லை என்று அதிலிருந்து முடிவுகட்டலாமா? புணேயில் கோர்படி ரயில்வே கேட்டில் காத்து நிற்பவர்களுக்கு இது தெரியும்: ரயில் வரும் நேரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக யாரும் தண்டவாளத்தில் உட்காருவதில்லை.

கணிப்பை விட்டு அளவீட்டுக்கு வருவோம். பனிப்போர்க் கால அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு இமயத்தின் சுமார் 650 பனியாறுகளை ஆராய்ந்தார்கள். 1975 முதல் 2000 வரை இருந்ததைவிட, அதன்பின் பனி கரையும் வேகம் இருமடங்கானதாக 2019இல் முடிவு வெளியானது. வடதுருவக் கடலிலோ செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு 1979 முதல் பத்தாண்டுக்குச் சுமார் 12 விழுக்காடு வீதம் சுருங்கி வருகிறது.

மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராதே என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் கிரீன்லாந்தின் பனி நிலத்தின்மேல் கிடக்கிறது. அது முழுதும் கரைந்தால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். பூமியின் பருவநிலை முன்பும் மாறியிருக்கிறதே என்பதும் உண்மை. அன்று மாற்றியவை இயற்கைக் காரணங்கள். இன்றோ தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததே இதற்கு முதற்காரணம்.

கோர்படிக்கு மேற்கே, அதே நகரின் பாஷாணில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முன்னின்று தயாரித்த 2020 மதிப்பீடு, வட இந்தியப் பெருங்கடல் 1993–2017இல் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாகக் கூறுகிறது. அங்கே கடல்நீர் சூடேறி விரிவதே முதன்மைக் காரணம். பனியை உருக்குவதும் அதே வெப்பம்தான். தக்காண மேட்டில் இருக்கும் புணேயைக் கடல் தொடாது. மும்பையும் நாகப்பட்டினமும் அப்படி இல்லை. எவ்வளவு வேகம், எப்படித் தடுப்பது என்று வாதிடுவோம். ‘எப்போது’ என்பதில் நேர்ந்த பிழையை ‘நடக்கிறதா’ என்பதற்குப் பதிலாக்கிக்கொள்ள மட்டும் நமக்கு உரிமையில்லை.